மணற்காட்டில் ஒரு சிவப்புச் சால்வை

2012ஆம் ஆண்டு, மார்ச் மாதத்து நீண்ட வார இறுதியில் நடந்தது இது. மெல்பேர்ணிலிருந்து வடமேற்குப் பக்கமாக ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடினால் ஒரு பாலைவனப் பூங்கா வரும். பூங்கா என்றதும் ஊஞ்சலையும் ரோசாச் செடியையும் நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மணல், மணல் மேடுகள், நடுநடுவே மல்லி மரங்கள். மல்லி என்பது அடியிலிருந்தே நாலைந்து தண்டாகப் பிரிந்து வளர்கிற ஒருவகை யூக்கலிப்டஸ். ஆளுயரத்துக்கு மேலே கொஞ்சம்தான் வளரும், ஆனால் அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க விடாது. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி.

அங்கே போகவேண்டும் என்பது என் கணவரின் யோசனை. அவருக்கு ஒரு எண்ணம் தலைக்குள் புகுந்தால் அதை வெளியே எடுக்க ஆண்டவனாலும் முடியாது. "இந்த நாட்டுக்கு வந்து பதினைஞ்சு வருசம். ரோவிலையும் ஷொப்பிங் சென்டரையும் விட்டா உமக்கு வேற என்ன தெரியும்?" என்று என்னைச் சீண்டினார். ரோவில் மெல்பேர்ணில் நாங்கள் இருக்கிற பகுதி. உண்மைக் காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அவருடைய சித்தப்பா மகனை எங்காவது கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தத் தம்பி வன்னியில் கடைசிச் சண்டை முடியும்வரை இருந்தவன். பிறகு படகில் இங்கே வந்து, தடுப்பு முகாமில் இருந்து, பிரிட்ஜிங் விசா என்ற தற்காலிக விசாவில் வெளியே வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மெல்பேர்ணுக்கு மேற்கே ட்ருகனினாவில் ஒரு வெயார்ஹவுஸில் கொள்கலன்களிலிருந்து பெட்டி இறக்குகிற வேலை. அவனைப் போலவே வந்த பெடியங்களோடு ஒரே வீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தான். அவன் நித்திரை கொள்வதே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். சண்டையில் அவனுடைய மனைவியும் சின்ன மகளும் செத்துப்போனது எங்களுக்குத் தெரியும். எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எங்கள் ஆட்களிடம் இது ஒரு மரியாதை. கேட்காமல் விடுவதில் நிம்மதி அவனுக்கா எங்களுக்கா என்று நான் அப்போது யோசித்துப் பார்த்ததில்லை.

"அங்க ஒரு சத்தமும் இராது. ரெண்டு நாளாவது அவன் ஆறுதலா இருக்கட்டும்" என்றார் என் கணவர். அந்த யோசனை நல்ல மனதோடு வந்தது.

பூங்காவுக்குக் கிட்ட ஒரு சின்ன ஊரில், ஒரு மோட்டலில் இரவு தங்கினோம். காலையில் கிளம்பும்போது மோட்டல் நடத்துகிற வெள்ளைக்காரப் பெண்மணி எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று கேட்டார். பின்னேரம் வந்துவிடுவோம் என்று சொன்னோம். நிறையத் தண்ணீர் கொண்டுபோங்கள் என்று இரண்டு தடவை சொன்னார். கொண்டுபோகத்தான் செய்தோம், பெரிய கான் நிறைய. அந்தக் கான் காரின் டிக்கியிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்தார் சந்திரனுக்குப் போனாலும் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டுதான் போவோம். நானும் பத்துப் பேருக்குக் காணும் அளவுக்குப் புளிச்சாதமும் பொரித்த மீனும் கட்டுச்சம்பலும் கட்டியிருந்தேன். சாப்பாட்டுப் பை பாரமாக இருந்ததால் ஆளுக்கொரு போத்தல் தண்ணீரோடு நடக்கத் தொடங்கினோம். உப்பும் உறைப்பும் வேண்டியமட்டும், தண்ணீர் ஆளுக்கொரு போத்தல். வேறு யார் இப்படிப் பாலைவனத்துக்குப் போவார்கள்?

நடைபாதை வளைந்து வளைந்து போனது. தூரத்தில் வெள்ளையாக ஒரு மணல் மேடு தெரிந்தது. "சுத்திப் போறதுக்கு நேர போவம்" என்றார் என் கணவர். நேரே போனோம். மேட்டின் உச்சியில் நின்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்தப் பக்கம் வறண்ட உப்பு ஏரி, அதற்கு அப்பால் வானம். என் கணவர் படம் எடுத்தார். தம்பியை உச்சிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் வரவில்லை. கீழே மர நிழலிலேயே நின்றான். கமெராவுக்கு வெட்கப்படுகிறான் என்று நான் பகிடி பண்ணினேன். அவனும் சிரித்தான்.

இறங்கும்போது என் கணவர் சறுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்துவிட்டது என்பது எங்களுக்கு உடனே தெரிந்தது, கால் அப்படித் திரும்பியிருந்தது. தம்பி அவரை முதுகில் சுமந்தான். வந்த வழியைத் தேடி நடந்தோம். காற்று எங்கள் காலடிகளை எல்லாம் அழித்துவிட்டிருந்தது. ஒரு மல்லி மரத்தைக் கடந்தால் அதே மாதிரி இன்னொன்று. போனில் சிக்னல் இல்லை. வெய்யில் உச்சிக்கு வந்தபோது, நடைபாதை எந்தப் பக்கம் என்று மூன்று பேரும் மூன்று திசையைக் காட்டினோம்.

அப்போதுகூட நான் பெரிதாகப் பயப்படவில்லை. தம்பி இருந்தான். ஓரிடத்தில் இருந்துவிடுவது நல்லது என்று அவன்தான் சொன்னான். மரமில்லாத சின்ன வெட்டை ஒன்றின் ஓரத்தில் அடர்த்தியான மரங்களைப் பார்த்து, அடியிலிருந்த மணலைக் கையால் வாரி எடுத்து, குளிர்ச்சியான இடத்தில் அண்ணனைக் கிடத்தினான். தன் போத்தலை அவருக்குக் கொடுத்துவிட்டு உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டான். தான் தனியாகப் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னான். என் கணவர் விடவில்லை. "நீயும் துலைஞ்சால் உன்னை ஆர் தேடுறது?" என்று சத்தம் போட்டார். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுக்கிற மனுசன், முறிந்த காலோடு. அவரைக் காப்பாற்ற வேண்டும், நாளைக்கு மத்தியானத்துக்கு முன்னால் யாராவது வரவேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இரவு போனது. விடிந்தபோது தண்ணீர் முடிந்துவிட்டது. என் கணவரின் நாக்குத் தடித்துப்போய் வார்த்தைகள் குழறின. நான் தோளில் போட்டிருந்த சிவப்புச் சால்வையை எடுத்து வெட்டையின் நடுவே ஒரு செத்த பற்றைச் செடியின் மேல் விரித்துக் கட்டினேன். எங்களைத் தேடுகிறவர்களுக்குத் தெரியட்டும் என்று. பிறகு சுள்ளி பொறுக்கி வந்து, தம்பியிடம் சிகரட் லைட்டரைக் கேட்டேன். எதற்கு என்று கேட்டான். புகை போடத்தான் என்றேன். கொஞ்ச நேரம் லைட்டரைக் கையிலேயே வைத்திருந்துவிட்டுத் தந்தான். நான் நெருப்பு மூட்டியதும் அவன் எழுந்து மரங்களுக்குள்ளே தள்ளிப்போய் இருந்தான். வெக்கைக்குத் தள்ளிப் போகிறான் என்றுதான் நினைத்தேன்.

வெய்யில் ஏறத் தொடங்கியபோது தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. முதலில் ஈ என்று நினைத்தேன். பிறகு மரங்களுக்கு மேலே சின்ன விமானம் ஒன்று வெள்ளையாக மினுங்கியது. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோசம் எனக்கு வந்ததில்லை. "இஞ்சாருங்கோ, வந்திட்டாங்கள்!" என்று கத்திக்கொண்டு வெட்டைக்கு ஓடப் பார்த்தேன்.

பின்னாலிருந்து யாரோ என்னைத் தள்ளி விழுத்தினார்கள். வாய்க்குள் மணல் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் தம்பி. நெருப்பின் மேல் இரண்டு கையாலும் மணலை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தான். ஒரே பாய்ச்சலில் சால்வையைப் பிய்த்தெடுத்துத் தன் சேர்ட்டுக்குள் திணித்தான். என்னை இழுத்துக்கொண்டு வந்து மரத்தடியில் போட்டான். அண்ணனின் மேல் தான் குப்புறப் படுத்து அவரை மூடிக்கொண்டான். நான் எழும்பப் பார்த்தபோது அவனுடைய கை என் கழுத்தை மணலோடு அமுக்கியது. எவ்வளவு பலம்!

"அசையாதேங்கோ அண்ணி. வண்டு சுத்துது. அது பாத்திட்டுப் போனதும் செல் அடிப்பாங்கள்."

வன்னியில் வேவு பார்க்கிற ஆளில்லா விமானத்தைச் சனங்கள் வண்டு என்றுதான் சொல்வார்கள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். அது இரைந்துகொண்டே சுற்றுமாம். எங்கே புகை வருகிறது, எங்கே துணி காய்கிறது என்று பார்க்குமாம். அது போன கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் செல், அதாவது பீரங்கிக் குண்டு, விழுமாம். இதையெல்லாம் ரோவிலில் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்டவள் நான்.

விமானம் எங்களுக்கு மேலே வந்தது. திரும்பவும் வந்தது. மணலில் அமுங்கிய முகத்தோடு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். கத்தினேன், அது கேட்குமா? பிறகு சத்தம் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போனது.

அவன் கையை எடுக்கவில்லை. செல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அவனுடைய உடம்பு முழுக்க அந்தக் காத்திருப்பில் விறைத்துப்போயிருந்தது. நான் திமிறி எழுந்து அவனை அடித்தேன். முதுகில், தலையில், கை நோகுமட்டும் அடித்தேன். "உன்ர அண்ணையைக் கொல்லப்போறியா? அவர் சாகப்போறாரடா!" என்று கத்தினேன். அவன் அடியைத் தடுக்கவே இல்லை. வானத்தைப் பார்த்தான். பிறகு மணலைப் பார்த்தான். அணைந்த நெருப்பைப் பார்த்தான். சேர்ட்டுக்குள் இருந்து பிதுங்கிக்கொண்டிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தான். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது அவனுக்குத் திரும்பி வருவதை நான் என் கண்ணால் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை இனி யாரிடமும் பார்க்கக் கூடாது.

கனநேரத்துக்குப் பிறகு, கேட்காமலே சொன்னான். "நான் தண்ணி எடுக்கப் போனனான் அண்ணி. அவள் பிள்ளையின்ர சட்டையைத் தோய்ச்சு வெளியில காயப்போட்டிருக்கிறாள். வண்டு சுத்தினது எனக்குக் கேட்டது."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

மத்தியானம் வந்தது. என் கணவருக்கு வியர்ப்பது நின்றுவிட்டது. தோல் அடுப்புக் கல் மாதிரிச் சுட்டது. "கதவைச் சாத்தும், வெக்கை வருது" என்று என்னிடம் சொன்னார். நான் எழுந்து இல்லாத கதவைச் சாத்துகிற மாதிரிக் கையை ஆட்டினேன். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. திரும்பவும் நெருப்பு மூட்ட எனக்குச் சீவன் இல்லை. லைட்டரும் மணலுக்குள் எங்கேயோ போய்விட்டது. சால்வையை எடுத்துக் கட்டலாம் என்று எழும்பினேன், கால் மடிந்து விழுந்தேன். விமானம் பார்த்துவிட்டுப் போன இடத்தை மறுபடி பார்ப்பார்களா? பார்க்கமாட்டார்கள் என்றே நினைத்தேன். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு படுத்துக்கிடந்தேன். நாங்கள் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவரோடு பிடித்த சண்டைகளையெல்லாம் நினைத்தேன். ஒன்றுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

வெய்யில் சாயத் தொடங்கியபோது மறுபடி சத்தம். இந்தத் தடவை ஹெலிகொப்டர். அந்தச் சத்தம் காதால் வரவில்லை, மணல் வழியாக நெஞ்சுக்குள் வந்தது.

தம்பி மரத்தடியில் முகத்தை மணலுக்குள் புதைத்துக்கொண்டு இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டான். இது வன்னி இல்லை, எங்களைத் தேடி வருகிறவர்கள் இவர்கள் என்பது அவனுடைய மூளைக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியவில்லை. எனக்குக் கத்த வாய் வரவில்லை. உமிழ்நீர்கூட இல்லை. "தம்பி" என்றேன். "அண்ணையைப் பாரும்." அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவன் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தான். பிறகு சேர்ட்டுக்குள் இருந்து சால்வையை இழுத்தெடுத்தான். எழுந்து நடக்கவில்லை, வயிற்றால் ஊர்ந்து போனான். வெட்டையின் விளிம்பில் கொஞ்சம் நின்றான். அங்கிருந்து முழங்காலில் போனான். நடுவுக்குப் போனதும் எழுந்து நின்றான்.

ஆட்களைக் கூப்பிடுகிறவர்கள் துணியை ஆட்டுவார்களே, அவன் ஆட்டவில்லை. இரண்டு கையாலும் சால்வையைத் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தபடி நின்றான். கண்களை இறுக்க மூடியிருந்தான். அடி விழப்போகிறது என்று தெரிந்த பிள்ளை மாதிரித் தோள்களைக் குறுக்கிக்கொண்டு நின்றான். அவனுடைய காற்சட்டை நனைவது எனக்குத் தெரிந்தது. ஹெலிகொப்டர் நேராக அவனுக்கு மேலே வந்தது. மணல் எழும்பி அவனை மூடியது. மணல் அடங்கியபோது அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான், கை இறங்கவே இல்லை.

இறங்கி வந்த பொலிஸ்காரர் ஒருவர் ஓடிவந்து அவன் தோளில் கை வைத்தார். தம்பி முழங்காலில் விழுந்து இரண்டு கையையும் பிடரியில் கோர்த்துக்கொண்டான். பொலிஸ்காரர் ஒன்றும் விளங்காமல் அவனுக்கு முன்னால் தானும் முழங்காலில் இருந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார். அவன் குடிக்கவில்லை. மரத்தடியைக் காட்டினான். "பிரதர், பிரதர்" என்று மட்டும் சொன்னான்.

மோட்டல் பெண்மணிதான் எங்களைக் காப்பாற்றியவர். எங்கள் அறையில் வெளிச்சம் வரவில்லை என்று பார்த்து அவர்தான் பொலிசுக்கு அறிவித்திருக்கிறார். பிறகு ஆஸ்பத்திரியில் ஒரு அதிகாரி வந்து, காலையிலேயே அந்த இடத்துக்கு மேலே விமானம் சுற்றியதே, அதில் போனவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே, நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். குறை சொல்லிக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். தம்பி கட்டிலின் கால்மாட்டில் நின்றான். மரத்துக்குக் கீழே மயங்கிக் கிடந்தோம், எழும்ப முடியவில்லை என்று நான் சொன்னேன். அவருக்கு உண்மையைச் சொல்வதென்றால், அதை எந்த இங்கிலிஷில் சொல்வது?

என் கணவர் பிழைத்தார். சிறுநீரகங்கள் பிழைக்கவில்லை. நீரிழிவால் ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்தவை, அந்த ஒரு நாள் வெக்கையில் அடியோடு போய்விட்டன. காலையிலேயே கொண்டுவந்திருந்தால் ஒருவேளை காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் என்னிடம் சொன்னார். நல்ல மனுசன், உள்ளதைச் சொன்னார். அதிலிருந்து வாரத்தில் மூன்று நாள் டயலிசிஸ். தம்பி வேலையை இரவு ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டு எங்கள் பக்கம் குடிவந்துவிட்டான். கூட்டிக்கொண்டு போவதும் கொண்டுவந்து விடுவதும் அவன்தான். ஒருநாள்கூடத் தவறியதில்லை.

என் கணவருக்கு அந்தக் காலை நினைவில் இல்லை. பின்னேரத்தைப் பற்றி நான் சொன்னதுதான் அவருக்குத் தெரியும். வீட்டுக்கு யாராவது வந்தால் போதும், தொடங்கிவிடுவார். "இவன்தான் என்னைக் காப்பாத்தினவன். நான் சாகக் கிடந்தனான், இவன் சால்வையைத் தூக்கிக்கொண்டு வெட்டையில நிண்டவன்." வந்தவர்கள் தம்பியின் முதுகில் தட்டுவார்கள். அவன் எழுந்து குசினிக்கு வந்து, கழுவிய கோப்பைகளை மறுபடி கழுவுவான்.

ஒரு தடவை மட்டும், தண்ணீரைத் திறந்து விட்டபடியே கேட்டான். "அண்டைக்குக் காலமை நான் மறைக்காட்டி, அண்ணைக்கு இது வந்திராதுதானே அண்ணி?"

டொக்டர் சொன்னது எனக்குத் தெரியும். "தேத்தண்ணி ஆறுது, அண்ணைக்குக் கொண்டுபோய்க் குடும்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான். நான் சொல்லாத பதிலும் அவனுக்கு விளங்கியிருக்கும்.

எனக்குக் கோபம் வராமல் இல்லை. என் கணவரின் கையில் ஊசி ஏறுவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் காலையும் அந்தச் சின்ன விமானமும் என் கழுத்தை அமுக்கிய கையும் ஞாபகம் வரும், உடம்பு பற்றி எரியும். அப்போதெல்லாம், தன் மேல் செல் விழப்போகிறது என்று முழுதாக நம்பிக்கொண்டே கண்ணை மூடி அந்த வெட்டையில் எழுந்து நின்றவனை நினைத்துக்கொள்வேன். என் கணவரோடு இத்தனை வருசம் குடும்பம் நடத்திய நான் அவருக்காக அப்படி நின்றிருப்பேனா என்று கேட்டால், எனக்குத் தெரியாது.